டாங்கி ஏபியுவைச் சோதிக்கும் கருவியை எப்படிச் சோதிப்பது?

டாங்கி என்றாலே பீரங்கியும் சங்கிலிச் சக்கரமும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். என் வேலை அதன் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் சின்ன டீசல் ஜெனரேட்டரோடு. ஆக்ஸிலரி பவர் யூனிட், சுருக்கமாக ஏபியு. டி-72 டாங்கியின் பெரிய என்ஜின் 780 குதிரைத்திறன், டி-90-ல் 1000, அர்ஜுனில் 1400. ஆனால் வண்டி ராஜஸ்தான் மணலில் ஒரே இடத்தில் நின்று இரவெல்லாம் காவல் பார்க்கும்போது இருட்டில் வெப்பத்தை வைத்துக் குறிபார்க்கும் தெர்மல் சைட், ரேடியோ, இன்னும் சில மின்னணுப் பெட்டிகள் இவற்றுக்குச் சில கிலோவாட் இருந்தால் போதும். அதற்காகப் பெரிய என்ஜினை ஓடவிட்டால் டீசல் வீண். சத்தமும் சூடும் நாம் நிற்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும். ஓடவிடாமல் பேட்டரியையே நம்பினால் விடியற்காலையில் பெரிய என்ஜின் கிளம்பாமல் போகலாம். அமெரிக்காவின் ஆப்ராம்ஸ் டாங்கியில் இருப்பது கேஸ் டர்பைன். நின்ற இடத்தில் சும்மா ஓடினாலே மணிக்கு 40 லிட்டர் அளவுக்கு எரிபொருள் குடிக்கும். அவர்களும் ஏபியு பொருத்த வேண்டியதாயிற்று.

சென்னைக்கு மேற்கே ஆவடி, அம்பத்தூர், திருமுல்லைவாயில் வட்டாரத்தில் இந்த மாதிரி வேலை புதிதில்லை. 1960-களில் வந்த கனரக வாகனத் தொழிற்சாலை, போர் வாகனங்களை வடிவமைக்கும் சிவிஆர்டிஇ ஆய்வகம், இரண்டையும் சுற்றி வளர்ந்த நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள். அந்தச் சூழலில் இருக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். ஏபியுவை ஏற்றுக்கொள்வதற்கு முன் சோதிக்கும் தானியங்கி ரிக்குகளை வாங்கும்போது, அவை லாயக்கா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. இந்தத் துறையில் புதிதாக வருபவர்களுக்கும், ஜெனரேட்டர் சோதனை ரிக் எதையாவது வாங்கப்போகிறவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரிக் என்பது என்ன? ஏபியுவை நிறுத்தி வைக்க ஒரு மேடை, எரிபொருள் லைன், புகை வெளியேறும் குழாய், மின்சாரத்தை இழுத்துக்கொள்ள லோடு பேங்க், வோல்டேஜ், கரண்ட், வெப்பம், எண்ணெய் அழுத்தம், வேகம் எல்லாவற்றையும் படிக்கும் சென்சார்கள், இவற்றை வரிசைப்படி இயக்கிக் கடைசியில் பாஸ் அல்லது ஃபெயில் என்று அச்சடித்துத் தரும் ஒரு கம்ப்யூட்டர். ஆபரேட்டர் ஹார்னஸை, அதாவது இணைப்புக் கம்பிக் கட்டை, மாட்டி ஸ்டார்ட் அழுத்தினால் போதும். சப்ளையர்கள் செய்துகாட்டும் டெமோவும் இப்படித்தான் இருக்கும். நல்ல ஏபியு ஒன்றை மாட்டுவார்கள், திரையில் வரிசையாகப் பச்சை விழும், கமிட்டியில் எல்லோரும் தலையாட்டுவார்கள், டீ வரும்.

நல்ல யூனிட்டுக்குப் பச்சை காட்டுவது பெரிய விஷயமே இல்லை. எதைப் போட்டாலும் பச்சை காட்டுகிற ரிக்கும் அதைச் செய்யும். கெட்ட யூனிட்டைக் கொடுத்தால் சிவப்பு காட்டுகிறதா என்பதை வைத்துத்தான் ரிக்கை எடைபோட வேண்டும். இதை நான் முதலில் சொன்னபோது சப்ளையர் தரப்புப் பொறியாளருக்குப் பிடிக்கவில்லை. “ஸ்பெக்கில் அப்படி எதுவும் இல்லையே சார்” என்றார். அவர் சொன்னது உண்மை. அதற்கப்புறம் நாங்கள் எழுதிய ஒவ்வொரு ஸ்பெக்கிலும், அதாவது என்னென்ன வேண்டும் என்று சொல்லும் ஆவணத்திலும், அது இருந்தது.

முதலில் செய்தது டையோடு சோதனை. ஏபியுவின் ஆல்டர்னேட்டர் மூன்று ஃபேஸ் மின்சாரம் தரும். ஆறு டையோடுகள் அதை டிசியாக மாற்றும். அதில் ஒரே ஒரு டையோடின் கம்பியைக் கழற்றிவிட்டு, மூடியைப் பழையபடி மாட்டி, ரிக்கில் ஏற்றினோம். கழன்றது தெரியாமல், வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்தது. குறைந்த பங்கை ஈடுகட்ட, ஆல்டர்னேட்டரின் காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு கரண்ட்டை ஏற்றி, சராசரி வோல்டேஜை 28-லேயே நிறுத்தியது. ரிக் படித்தது அந்தச் சராசரியைத்தான். பாதி லோடு, முக்கால் லோடு எல்லாவற்றிலும் பச்சை. பக்கத்தில் அலையைப் படமாகக் காட்டும் ஒரு ஸ்கோப்பை மாட்டிப் பார்த்தால் திரையில் ஒழுங்கான சிற்றலைக்கு (ரிப்பிள்) பதிலாக, பல் விழுந்த சீப்பு மாதிரி முறைவைத்து ஒரு பள்ளம். அந்த யூனிட் வண்டிக்குப் போயிருந்தால் மிச்சமிருக்கும் டையோடுகள் அதிகச் சூட்டில் வேலை செய்து ஒவ்வொன்றாகப் போயிருக்கும். ரேடியோவில் இரைச்சலும் ஏறியிருக்கும்.

எங்களோடு இருந்த மூத்த டெக்னீஷியன் ஒருவர், எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம், கழற்றியது எதை என்று அவரிடம் சொல்லவே இல்லை. யூனிட் லோடு எடுத்த கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்து, “தம்பி, சத்தம் சரியில்ல. உள்ள ஏதோ உறுமுது. மிஷின் பாஸ்னு சொல்லுதேன்னு விட்டுடாதீங்க” என்றார். ஆல்டர்னேட்டரின் முறுக்குவிசை சமமில்லாமல் துடிப்பது அவர் காதுக்கு எட்டியது, லட்சக்கணக்கில் விலை போட்ட ரிக்குக்கு எட்டவில்லை. அந்த அறிவை ரிக்குக்குள் கொண்டுவர வழி இருக்கிறது. அதிர்வு சென்சார் ஒன்று, ரிப்பிளை அலையாகவே படிக்கும் ஒரு சேனல், இரண்டும் இருந்தால் போதும்.

ரிக் ஏன் கோட்டைவிட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே கோளாறைப் பல ரிக்குகளில் பார்த்திருக்கிறேன். ஆறு ஜோடி துருவம் உள்ள ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஃபேஸ் அலைவெண் 300 ஹெர்ட்ஸ். ஆறு டையோடு வழியாக வரும் ரிப்பிள் 1800 ஹெர்ட்ஸ். ரிக்கின் டேட்டா கார்டு நொடிக்கு 1000 முறைதான் வோல்டேஜைப் படித்தது. அதிலும் மென்பொருள் ஒரு நொடிக்கான சராசரியை எடுத்துத் திரையில் காட்டியது. 1800 ஹெர்ட்ஸ் அலையை நொடிக்கு 1000 முறை படித்தால் கிடைப்பது வேறேதோ ஒரு பொய்யான அலை. எண் அழகாக நிலையாக நின்றதால் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. இதனால்தான் எந்த ரிக்கை மதிப்பிட்டாலும் முதல் வேலையாக ஒவ்வொரு சேனலுக்கும் மாதிரி எடுக்கும் வேகம் என்ன, முன்னால் ஃபில்டர் உண்டா, திரையில் தெரிவது நேரடி அளவா சராசரியா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவேன்.

திடீர் ஏற்றங்களுக்கு இது இன்னும் முக்கியம். ராணுவ வண்டிகளின் 28 வோல்ட் மின்தரத்துக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் அமெரிக்க ஆவணம் மில்-ஸ்டாண்டர்ட் 1275. அதில் 100 வோல்ட் வரை எகிறும் 50 மில்லி நொடி ஏற்றமும், 250 வோல்ட் வரை போகும் ஊசிமுனைத் துடிப்புகளும் வருகின்றன. அந்தத் துடிப்புகளின் ஆயுள் மைக்ரோ நொடிக் கணக்கு. நொடிக்கு 1000 முறை படிக்கும் கார்டு ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் அது வந்து போய்விடும். டெண்டரில் வெறுமனே “மில்-ஸ்டாண்டர்ட் 1275 படி” என்று எழுதுவதும் ஆபத்து. 2006-ல் வந்த டி (D) திருத்தத்தில் ஸ்டார்ட்டர் பிடிக்கும் கணத்தில் வோல்டேஜ் 6 வரை விழலாம். 2013-ல் வந்த இ (E) திருத்தத்தில் அது 12. ஏபியுவின் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தப் பள்ளத்தைத் தாண்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ரிக்கிலுள்ள பவர் சப்ளை அந்தப் பள்ளத்தை உண்டாக்க முடிய வேண்டும். எந்தத் திருத்தம் என்று சொல்லாவிட்டால் சப்ளையர் தனக்குச் சுலபமானதை எடுத்துக்கொள்வார், சட்டப்படி அவர்மேல் குற்றமும் சொல்ல முடியாது. இன்னொன்று, அந்த ஆவணத்தின் இ திருத்தம் பேசுவது வண்டியில் இணையும் கருவிகளுக்கு வந்துசேரும் மின்சாரத்தைப் பற்றி. ஜெனரேட்டர் எவ்வளவு சுத்தமாகத் தர வேண்டும் என்பதற்கு ஏபியுவின் சொந்த ஸ்பெக்கைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிய ஸ்பெக்குகள் என் கைக்கு வந்திருக்கின்றன.

லோடைத் திடீரென்று துண்டிக்கும் சோதனையில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கும், கவனிக்க வேண்டும். ஏபியு முழு லோடில் ஓடும்போது லோடை ஒரே அடியாக விலக்கினால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் மேலே பாயும். ரெகுலேட்டர் அதைச் சமாளிக்க வேண்டும். பெரும்பாலான ரிக்குகளில் ஸ்டார்ட் செய்வதற்காக ஒரு பேட்டரி செட் இருக்கும். அது ஏபியுவோடு இணைந்தபடியே இந்தச் சோதனையை ஓட்டினால் பாய்ச்சலை எல்லாம் பேட்டரி விழுங்கிவிடும், ரிப்பிளையும் அமுக்கிவிடும். வண்டியில் பேட்டரி முனை கழன்றுபோன நிலைதான் மிக மோசமானது. ரிக்கும் பேட்டரியை விலக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும். எலக்ட்ரானிக் லோடு எவ்வளவு வேகமாகக் கரண்ட்டை விடும் என்பதையும் பாருங்கள். மெதுவாக இறக்கினால் அது துண்டிப்பே ஆகாது. உலோக முனைகள் சேர்ந்து பிரியும் ஸ்விட்ச்சான கான்டாக்டர் போட்டிருந்தால் முனைகள் பிரியும்போது ஆர்க் இழுக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் கரண்ட் வெவ்வேறு விதமாக விழும். குறைக்கடத்தி ஸ்விட்ச் வைத்த ரிக்கில் அந்தப் பிரச்சினை வராது.

கேபிள் விஷயத்தில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். 8 கிலோவாட் ஏபியு 28 வோல்ட்டில் 286 ஆம்பியர் தள்ளும். யூனிட்டிலிருந்து லோடு பேங்குக்குப் போகவும் வரவுமாக 4 மீட்டர், 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் எதிர்ப்பு 1 மில்லி ஓம்தான். ஆனால் 286 ஆம்பியரில் கிட்டத்தட்ட 0.3 வோல்ட் அதிலேயே போய்விடும். ஸ்பெக்கில் அனுமதி கூட்டியும் குறைத்தும் அரை வோல்ட் என்றால், பாதிக்குமேல் கேபிளே தின்றாயிற்று. வோல்டேஜை லோடு பேங்க் பக்கம் படிக்கும் ரிக்கில் நல்ல யூனிட்கள் ஃபெயில் ஆகும். அதைப் பார்த்து யாராவது மென்பொருளில் 0.3-ஐக் கூட்டிவிடுவார்கள்; அப்புறம் சின்ன லோடில் கெட்ட யூனிட் பாஸ் ஆகும். சரியான வழி, கரண்ட் போகும் கேபிளோடு சேராமல் ஏபியு முனையிலிருந்தே தனியாக இரண்டு மெல்லிய கம்பிகளை இழுத்து அதில் வோல்டேஜைப் படிப்பது.

ஒரு ரிக்கில் காலையில் பாஸ் ஆன யூனிட்கள் மதியத்துக்குமேல் ஃபெயில் ஆயின. ஆபரேட்டர்கள் வெயிலைக் காரணம் சொன்னார்கள். கேபிள் நுனியிலுள்ள லக் மாட்டியிருந்த போல்ட்டின் பக்கம் போய்ப் பார்த்தேன். சிவப்பு ஸ்லீவ் ஓரத்தில் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது, வாஷரில் நீலம் பாய்ந்திருந்தது. இறுக்கம் குறைந்த இணைப்பில் 1 மில்லி ஓம் கூடினாலே அந்த இடத்தில் 80 வாட்டுக்குமேல் சூடு உண்டாகும். சூட்டில் இணைப்பு இன்னும் தளரும். அந்த இடத்துக்கு ஒரு வெப்ப சென்சாரும், ஒவ்வொரு ஷிப்டு தொடக்கத்திலும் டார்க் ரெஞ்சால் சரிபார்க்கும் பழக்கமும் வந்தபிறகு மதியப் பிரச்சினை நின்றது.

கரண்ட்டைப் படிக்க, அது உண்டாக்கும் காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சார் வைத்திருந்தால், பெரிய ஓவர்லோடு ஒன்று நடந்தபிறகு அதன் காந்த உள்ளகம் கொஞ்சம் காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பூஜ்யத்தில் பூஜ்யம் காட்டாது. ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் கரண்ட் இல்லாதபோது என்ன படிக்கிறது என்று ரிக் தானாகப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். கரண்ட் பாதையில் வைக்கும் சிறிய ரெசிஸ்டரான ஷன்ட்டில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது சூடாகும். பக்கத்தில் காற்றோட்டம் வேண்டும்.

அளவீட்டின் நம்பகத்தை எண்ணில் பிடிக்க, ஒரே பொருளை மறுபடி மறுபடியும் வெவ்வேறு ஆட்களை வைத்தும் அளந்து பார்க்கும் கேஜ் ஆர் அண்ட் ஆர் என்ற முறை பல தொழிற்சாலைகளில் உண்டு. மொத்த விலகலில் அளவீட்டு முறையின் பங்கு 10 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் நல்லது, 30-க்கு மேல் போனால் ஏற்கக்கூடாது என்பது வாகனத் தொழிலில் புழங்கும் கணக்கு. ஆனால் ஏபியுவை வைத்து இதை அப்படியே செய்தால் ஏமாற்றம்தான். டீசல் என்ஜின் இரண்டு முறை ஒரே மாதிரி ஓடாது; எண்ணெய்ச் சூடு, டீசல், காற்று எல்லாம் மாறும். ரிக்கின் விலகலும் என்ஜினின் விலகலும் கலந்து எது எதுவென்றே தெரியாமல் போகும். அதனால் என்ஜினை ஒதுக்கிவிட்டு, கேலிபரேஷன் செய்த ஒரு டிசி சோர்ஸை ஏபியுவின் இடத்தில் மாட்டி, தெரிந்த வோல்டேஜ், தெரிந்த கரண்ட் கொடுத்து முதலில் மின் பக்கத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஹார்னஸை ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டி, வெவ்வேறு ஆபரேட்டர்களை வைத்துச் செய்ய வேண்டும். கனெக்டர் செய்யும் வித்தை அப்போதுதான் வெளியே வரும்.

கெட்ட யூனிட் விஷயத்துக்குத் திரும்புகிறேன். டையோடைத் தவிர, டீசல் ஃபில்டரைப் பாதி அடைத்த யூனிட் ஒன்று வேண்டும். நிலையான லோடில் அது நன்றாகத்தான் ஓடும். லோடு திடீரென்று ஏறும்போதுதான் வேகம் விழுந்து மெதுவாக எழும். எண்ணெய் அழுத்த ஸ்விட்ச்சின் கம்பியை அறுத்து வைத்தது ஒன்று, அதே கம்பியை பாடியோடு ஷார்ட் செய்தது ஒன்று. இரண்டில் ஒன்று, அழுத்தம் சரியாக இருக்கிறது என்று பொய் சொல்லும். எது என்பது ஸ்விட்ச்சின் வகையைப் பொறுத்தது. அதை ரிக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்காக உண்மையிலேயே எண்ணெயை வடித்துவிட்டு என்ஜினை ஓட்டக்கூடாது, கம்பியில் விளையாடினால் போதும். எர்த் ஸ்ட்ராப்பைத் தளர்த்தி வைத்தது ஒன்று. கூலன்ட் சென்சாருக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரை வைத்து எப்போதும் 80 டிகிரி என்று காட்டுவது ஒன்று. என்ஜின் ஸ்டார்ட் ஆகும் முன்பே 80 டிகிரி என்றால் ரிக் சந்தேகப்பட வேண்டாமா? பல ரிக்குகள் சந்தேகப்படவில்லை. மேல் வரம்பைத் தாண்டினால்தான் அவற்றுக்கு அலாரம்.

கம்ப்யூட்டர் செத்தால் என்ன நடக்கும் என்பதை டெமோவில் யாரும் காட்ட மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். முழு லோடில் ஓடிக்கொண்டிருக்கும்போது டேட்டா கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவிலுள்ள கேபிளைப் பிடுங்கச் சொன்னேன். திரையில் எண்கள் அப்படியே உறைந்து நின்றன, எல்லாம் பச்சையில். என்ஜின் ஓடியது, லோடு இழுத்தது, புகைக்குழாய் சூடேறியது. எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானை அழுத்தினால் அது மென்பொருள் வழியாகத்தான் டீசல் வால்வுக்குக் கட்டளை அனுப்பும் என்பது அப்போது தெரிந்தது. கேபிள் இல்லாததால் அந்தக் கட்டளையும் போகவில்லை. கடைசியில் கையால் டீசலை அடைத்துத்தான் நிறுத்தினோம். அந்த ரிக்கை அதே நிலையில் வாங்க நான் கையெழுத்துப் போடவில்லை. எமர்ஜென்சி ஸ்டாப் நேர் கம்பியாக வால்வின் மின்சாரத்தை அறுக்க வேண்டும், மின்சாரம் போனால் வால்வு தானாக மூட வேண்டும், கம்ப்யூட்டர் சில நொடி பேசாவிட்டால் ஒரு தனி டைமர் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். அந்த ரிக் பக்கத்தில் தினமும் நிற்கப்போவது வீட்டில் பிள்ளை குட்டி இருக்கும் ஆபரேட்டர். இதில் பேரம் பேசவே கூடாது.

சென்னையில் பாஸ் ஆன யூனிட் எங்கே போகிறது என்பதையும் மறக்கக்கூடாது. 2020-க்குப் பிறகு கிழக்கு லடாக்கில் டி-72, டி-90 டாங்கிகள் நிற்கின்றன. 4500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 57 சதவீதம்தான். டர்போ இல்லாத சின்ன டீசல் என்ஜின் அங்கே எவ்வளவு மூச்சு வாங்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரிக்கால் அந்த உயரத்தை உண்டாக்க முடியாது. உயரம், குளிர், தூசு, அதிர்வு இதெல்லாம் வடிவமைப்புக்கு ஒப்புதல் தரும்போது ஜேஎஸ்எஸ் 55555 போன்ற தரநிலைகளின்படி தனியாகச் செய்யும் சோதனைகள். ஆனால் ரிக் ஒன்று செய்யலாம்: ஒவ்வொரு அறிக்கையிலும் அன்றைய காற்றழுத்தம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் பதிந்து, அளந்த திறனை நிலையான சூழலுக்குத் திருத்திக் காட்டலாம். மே மாத வெயிலில் ஷெட்டுக்குள் சோதித்த யூனிட்டையும் மார்கழிக் காலையில் சோதித்ததையும் அப்போதுதான் ஒப்பிட முடியும். புகையின் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால், கடல்மட்டத்திலேயே எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் யூனிட் எது என்று தெரிந்துவிடும்.

மென்பொருளில் பார்க்க வேண்டியவை சில. வரம்பு எண்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றன, யார் மாற்றலாம், மாற்றினால் பெயரும் தேதியும் பதிவாகிறதா? சாதாரண எக்செல் கோப்பில் வைத்து, யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று விட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒப்பிடுவதற்கு முன்பே எண்ணை முழுமையாக்குகிறதா? 27.46-ஐ 27.5 ஆக்கிவிட்டு அப்புறம் 27.5 என்ற வரம்போடு ஒப்பிட்டால் ஃபெயில் ஆக வேண்டியது பாஸ் ஆகும். ஒரு யூனிட்டை மறுபடி மறுபடி ஓட்டிக் கடைசியில் பாஸ் ஆனதை மட்டும் சேமிக்கிறதா? முந்தைய ஃபெயில்கள் அழிந்துபோகும் ரிக் எதுவும் எனக்கு வேண்டாம். விட்டுவிட்டு வரும் கோளாறுகளைப் பிடிக்க அந்தப் பழைய ஃபெயில்கள்தான் ஒரே தடயம்.

ராணுவ வண்டி இருபது முப்பது வருடம் ஓடும், ரிக்கிலுள்ள கம்ப்யூட்டர் அவ்வளவு காலம் ஓடாது. டேட்டா கார்டு உற்பத்தி நின்றுபோகும், இயங்குதளம் காலாவதியாகும், சப்ளையர் கடையை மூடிவிடலாம். அதனால் ஆர்டர் போடும்போதே மூல நிரல், வயரிங் படம், ஒவ்வொரு கனெக்டரின் பின் விவரம், சோதனை வரிசையின் எழுத்து விளக்கம் எல்லாம் வாங்குபவர் கைக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள். கடைசித் தவணைப் பணத்தை அதோடு கட்டிவையுங்கள். கோளாறு வைத்த அந்த யூனிட்களுக்கும் எண் போட்டு, சிவப்பு பெயின்ட் அடித்து, பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு மாதக் கடைசியில் அவசரத்தில் அதுவே வண்டிக்குப் போய்விடும். கேலிபரேஷன் தேதி வரும்போதெல்லாம் அவற்றை ரிக்கில் ஏற்றி ஒவ்வொன்றுக்கும் சிவப்பு விழுகிறதா என்று பார்த்து, அந்த அறிக்கையையும் சான்றிதழோடு சேர்த்துக் கோப்பில் போடுங்கள்.